அப்பா பதிந்து வைத்த 38 சிடிகள்: கடைசிப் பாட்டுகள் மட்டும் திக்குகின்றன

ஹட்டிமகள் (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். அப்பா கோத்தகிரியில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். பண்டிகை, கல்யாணம் என்றால் டெக்கையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு ஹட்டி ஹட்டியாகப் போவார். ஹட்டி என்றால் எங்கள் படகர்களின் ஊர். எங்கள் படகப் பாட்டுகள், மார்கழியில் எங்கள் தெய்வம் ஹெத்தையின் பண்டிகைக்குப் பாடியவை, நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்கள் வாசித்த கொல் என்ற குழல், கொம்பு, தெருமுனையில் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டுகள் என்று நிறைய கேசட் சேர்ந்தது. மழைக்காலத்தில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும், 2003 முதல் 2006 வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் சிடிக்கு மாற்றினார். மாற்றி முடித்ததும் கேசட்டுகளைக் கொட்டிவிட்டார். சிடி என்றால் அழியாது என்றுதான் அன்று எல்லோரும் நம்பினோம்.

போன மாதம் அப்பாவின் நினைவு நாளுக்காகப் போட்டுக் கேட்டோம். முதல் பத்துப் பாட்டுகள் கணீரென்று வருகின்றன. அதற்கப்புறம் டிக் டிக் என்று வெட்டு, பிறகு அப்படியே நின்றுவிடுகிறது. இரண்டு தகடுகளைப் போட்டால் தகடே இல்லை என்று காட்டுகிறது. ஒன்றின் மேல் ஒட்டிய தாள் ஓரத்தில் உரிந்து நிற்கிறது. 17-ஆம் தகட்டின் கடைசிப் பாட்டு என் பாட்டி பாடியது. அவர் குரல் வேறு எங்கேயும் இல்லை. பற்பசை போட்டுத் தேய்த்தால் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

நாடாக்காரர் (குன்னூர்)

அம்மா, பற்பசை வேண்டாம். தாளையும் உரிக்க வேண்டாம். பாட்டுப் பெட்டியில் போட்டுக் கேட்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். முதலில் நகல், கேட்பது எல்லாம் பிறகு.

தகடு எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட் வட்டு. அதன் மேல் சாயப் படலம், அதன் மேல் கண்ணாடி போல ஒளியைத் திருப்பும் வெள்ளி அல்லது தங்கப் பூச்சு, கடைசியில் மெல்லிய அரக்குப் பூச்சு. லேசர் சாயத்தைச் சுட்டுத்தான் பாட்டை எழுதுகிறது. பாட்டு இருப்பது நாம் பெயர் எழுதும் பக்கத்துக்கு மிக அருகில். கீழ்ப்பக்கத்துக் கீறல் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் நிற்கும். மேல் பக்கத்துக் கீறலோ நேராகப் பாட்டையே தொடும். உரிந்து நிற்கும் தாளை இழுத்தால் வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். அப்புறம் எந்த மந்திரத்தாலும் முடியாது.

கடைசிப் பாட்டுகள் ஏன் முதலில் போகின்றன என்றால், சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. முதல் பாட்டு மையத்தருகே, கடைசிப் பாட்டு விளிம்பில். விரல் படுவதும், ஈரம் நுழைவதும், வளைவு அதிகம் தெரிவதும் விளிம்பில்தான். அப்பா 90 நிமிடம் ஓடும் சி-90 கேசட்டுகளை மாற்றினாரா? அப்படியானால் 80 நிமிடத் தகட்டை ஓரம் வரை நிரப்பியிருப்பார்.

ஹட்டிமகள் (கோத்தகிரி)

ஆமாம் ஐயா, பாதிக்கு மேல் சி-90. பத்து நிமிடம் இடம் போதவில்லை என்று அப்பா புலம்பியது நினைவிருக்கிறது. சில பாட்டுகளை அடுத்த தகட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

கோடைமழை (கொடைக்கானல்)

அக்கா, எங்கள் தேவாலயப் பாடகர் குழுவின் தகடுகளை மீட்ட அனுபவத்தில் சொல்கிறேன். எங்களுக்கு வில்லனாக வந்தது மலை ஈரம்தான். குளிர் தகட்டுக்கு நல்லது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-இல் வெளியிட்ட கையேடு 4 முதல் 20 டிகிரி வெப்பமும், 20 முதல் 50 சதவீதம் ஈரப்பதமும் சொல்கிறது. வெப்பத்தில் நமக்குக் கவலையே இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கொடைக்கானலில் துணியே காயாது. அந்த ஈரத்தில் தகடுகளை மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளில் அடுக்கி பீரோவில் பூட்டியிருந்தோம். உறை தகட்டோடு ஒட்டிக்கொண்டது. பூச்சி வராமல் இருக்க யாரோ போட்ட பாச்சை உருண்டையின் ஆவியில் கெட்டி டப்பாக்களும் இளகிப் பிசுபிசுத்தன.

பூஞ்சை சிடியைத் தின்னுமா என்று சிலர் சிரிப்பார்கள். 2001-இல் ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள், மத்திய அமெரிக்காவின் பெலிஸில் இருந்து வந்த ஒரு சிடியைப் பூஞ்சை தின்றிருந்ததைக் கண்டு எழுதினார்கள். விளிம்பு வழியே நுழைந்து உள்ளே இருந்த உலோகப் பூச்சை அது காலி செய்திருந்தது. அதுவும் புழுக்கமான ஊர்தான்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். தகட்டை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். ஊசி குத்தியது போல் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே பூச்சு போய்விட்டது. துடைப்பதானால் சுத்தமான பருத்தித் துணி, காய்ச்சி வடித்த நீர். மையத்திலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பாட்டின் தடத்தோடு சேர்ந்தே ஓடும். அப்போது படிக்க முடியாத இடத்தை ஈடுகட்டும் பிழை திருத்தம் தோற்றுவிடும். தின்னர், பெட்ரோல் பக்கம் போகவே போகாதீர்கள்.

இன்னொன்று, சில்லிட்ட பீரோவில் இருந்து எடுத்து அடுப்பெரியும் அறைக்குக் கொண்டுவந்த உடனே டப்பாவைத் திறக்காதீர்கள். அறைச் சூடு ஏறும் வரை மூடியபடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் தகட்டின் மேல் முத்து முத்தாக வேர்க்கும்.

ஹட்டிமகள் (கோத்தகிரி)

நேற்று முழுக்க 38-ஐயும் வெளிச்சத்தில் பார்த்தேன். ஐந்தில் புள்ளிகள் தெரிகின்றன, எல்லாம் விளிம்பு ஓரம். அடிப்பக்கம் மூன்று நிறமாக இருக்கிறது: கருநீலம் 11, பச்சை கலந்த நீலம் 19, வெளுத்த பொன் நிறம் 8. அப்பா ஒவ்வொன்றின் மேலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறார். பாட்டியின் தகட்டில் புள்ளி ஏதும் இல்லை. ஆனாலும் திக்குகிறது.

நாடாக்காரர் (குன்னூர்)

நல்ல காரியம் செய்தீர்கள். நிறத்துக்கு அர்த்தம் உண்டு. கருநீலம் பெரும்பாலும் ஏஸோ சாயம். பச்சை கலந்த நீலம் சயனின், வெளுத்த பொன் அல்லது இளம்பச்சை தாலோசயனின். மூன்றில் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் சீக்கிரம் வெளுப்பது சயனின். அதனால் அந்த 19-ஐ முதலில் எடுங்கள். பாட்டியின் தகடு அதில் இருந்தால் இன்றைக்கே. புள்ளி இல்லாமல் திக்குவது சாயம் வெளுப்பதால் இருக்கலாம். எழுதிய குழிக்கும் எழுதாத இடத்துக்கும் இருக்கும் வித்தியாசம் மங்கிக்கொண்டே வரும். ஒரு டிரைவ் அதைப் பிரித்துப் பார்க்கும், இன்னொன்று பார்க்காது. பற்பசை இதில் ஒன்றும் செய்யாது என்பதற்கும் அதுதான் காரணம்.

இப்போது வேலை. பாட்டுப் பெட்டி ஒரு இடத்தைப் படிக்க முடியாவிட்டால் முன்பின் ஒலியைப் பார்த்து இட்டு நிரப்பிவிட்டு ஓடும். நமக்குத் தெரியவே தெரியாது. ஆடியோ சிடியில் ஒரு வினாடிக்கு 75 துண்டுகள், ஒவ்வொன்றும் 2352 பைட். அத்தனையும் ஒலிக்கே. டேட்டா சிடியில் அதே துண்டில் 2048 பைட்தான் கோப்பு, மிச்ச இடத்தில் கூடுதல் பிழைத் திருத்தமும் முகவரியும் இருக்கும். ஆகவே ஆடியோ சிடியில் பிழை சத்தமில்லாமல் நழுவும்.

விண்டோஸ் கணினியில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளைப் போடுங்கள். செக்யூர் மோட் வைத்தால் ஒவ்வொரு துண்டையும் ஒருமுறைக்கு மேல் படித்து ஒத்துப்பார்க்கும். ஒத்துவராத இடத்தில் திரும்பத் திரும்பப் படிக்கும். கடைசியில் எந்த நிமிடம், எந்த வினாடி சந்தேகம் என்று பட்டியல் தரும். லினக்ஸ் என்றால் சிடிபாரனோயா. மற்றவர் நகலோடு ஒப்பிடும் அக்யூரேட்ரிப் வசதியை எதிர்பார்க்காதீர்கள். உங்கள் அப்பா பதிந்தது உலகத்தில் ஒரே ஒரு தகடு, ஒப்பிட வேறு நகல் யாரிடமும் இல்லை.

டிரைவ்தான் பாதி வெற்றி. ஒன்றோடு நிற்காதீர்கள். பழைய மேசைக் கணினிகளில் இருந்த பெரிய டிவிடி ரைட்டர்களை இரண்டு மூன்று தேடிப் பிடியுங்கள். யுஎஸ்பி இணைப்பான் வாங்கும்போது 12 வோல்ட் தனி மின்சாரம் தருவதாகப் பாருங்கள். பெரிய டிரைவுக்கு யுஎஸ்பி மின்சாரம் போதாது. வேகத்தை 4 மடங்குக்குக் குறையுங்கள்.

மஞ்சூர்க்காரன் (குந்தா)

ஐயா சொன்னதில் ஒரு சின்ன மாற்றுக் கருத்து. எப்போதும் வேகத்தைக் குறைப்பதே நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். என்னிடம் இருக்கும் ஒரு டிரைவ் 4-இல் திணறும், 8-இல் சுத்தமாகப் படிக்கும். வளைந்த தகடு, தாள் ஒட்டி எடை ஒரு பக்கம் சாய்ந்த தகடு என்றால் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். மற்றபடி இரண்டு மூன்று வேகத்திலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் அக்கா.

அப்பா எம்பி3 சிடியும் எழுதினாரா? அந்தக் காலத்தில் கடைகளில் அதுதான் அதிகம் கேட்பார்கள். அப்படி இருந்தால் அதற்கு வழி வேறு. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒன்று உண்டு. அது கோப்புகளைப் பார்க்காது, தகட்டை முழு பிம்பமாக எடுக்கும். முதலில் நல்ல இடங்களை எல்லாம் வாரிக்கொள்ளும், கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதைப் படித்தது, எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். அதுதான் அதன் பலம். முதல் டிரைவில் பாக்கி நின்ற துண்டுகளை மட்டும், அதே வரைபடக் கோப்பைக் கொடுத்து, இரண்டாவது டிரைவில் படிக்கச் சொல்லலாம். அப்படி மூன்று டிரைவில் ஓட்டி, குப்பை என்று ஒதுக்கிய தகட்டில் மொத்தமும் எடுத்திருக்கிறேன். துண்டின் அளவை 2048 என்று கொடுக்க மறக்காதீர்கள்.

எம்பி3-இல் ஒரு துண்டு போனாலும் உலகம் முடிந்துவிடாது. 128 கேபிபிஎஸ் (வினாடிக்கு 128 கிலோபிட்) பாட்டில் ஒரு வினாடிக்கு 16,000 பைட். 2048 பைட் என்றால் ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு. கெட்ட இடத்தைத் தாண்டியதும் அடுத்த சட்டகத்தில் இருந்து பாட்டு தானே தொடரும். ஆனால் இந்தக் கருவியை ஆடியோ சிடியில் ஓட்டாதீர்கள், வேலை செய்யாது. கோப்பு முறையே இல்லாத தகடு அது.

ஹட்டிமகள் (கோத்தகிரி)

எம்பி3 தகடுகள் 6 இருக்கின்றன தம்பி. மற்ற 32 ஆடியோ. ஒரு வாரமாக ராத்திரி ராத்திரி ஓட்டினேன். 26 ஆடியோ தகடுகள் ஒரு சந்தேகமும் இல்லாமல் முழுதாக வந்துவிட்டன. 22-ஆம் தகட்டில் அப்பாவின் குரல் இருக்கிறது. பாட்டுக்கு முன்னால் "மைக்கு கிட்ட வாங்கம்மா" என்கிறார். கணினியைத் தள்ளி வைத்துவிட்டு அழுதேன்.

தகடே இல்லை என்று காட்டும் அந்த இரண்டும்தான் பிடிபடவில்லை. வெளிச்சத்தில் பார்த்தால் எழுதிய வளையம் நன்றாகத் தெரிகிறது, கீறலும் இல்லை.

நாடாக்காரர் (குன்னூர்)

அப்பா கணினியில் எழுதினாரா, தனி ரெக்கார்டர் பெட்டியிலா?

ஹட்டிமகள் (கோத்தகிரி)

ஆரம்பத்தில் பெட்டியில். இசைக்கென்று தனியாக விற்ற தகடு வேண்டும், விலை அதிகம் என்பார். பெட்டி பழுதான பிறகுதான் கணினி வாங்கினார்.

நாடாக்காரர் (குன்னூர்)

விஷயம் அதுதான். அந்தப் பெட்டிகளில் பதிந்து முடித்ததும் ஃபைனலைஸ் என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அப்போதுதான் எத்தனை பாட்டு, எது எங்கே தொடங்குகிறது என்ற பொருளடக்கம் தகட்டின் உள்விளிம்பில் எழுதப்படும். அதுவரை தற்காலிகக் குறிப்பு ஒன்றுதான் இருக்கும். அதைப் பாட்டுப் பெட்டியால் படிக்க முடியாது, ரைட்டர் டிரைவால் முடியும். பெட்டி பழுதானபோது முடிக்காமல் நின்ற தகடுகளாக இருக்கும். பாட்டு அங்கேயே பத்திரமாக இருக்கிறது அம்மா.

ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் முடிக்காத தகடுகளைத் திறக்கும். ரைட்டர் டிரைவில் போட்டுப் பாருங்கள். யாராவது பழைய பெட்டி தேடி இப்போது ஃபைனலைஸ் செய்யுங்கள் என்றால் கேட்காதீர்கள். இருபது வருடம் பழுத்த சாயத்தில் புதிதாக எழுத முயல்வது ஆபத்து. முதலில் படித்து எடுத்து முடியுங்கள்.

தேயிலைக்காடு (ஊட்டி)

எல்லாவற்றையும் அப்படியே யூடியூப்பில் ஏற்றிவிடுங்கள் அக்கா. அதைவிடப் பாதுகாப்பான இடம் ஏது? ஊருக்கும் போய்ச் சேரும். சத்தத்தை எல்லாம் சுத்தம் செய்து, கொஞ்சம் எதிரொலி சேர்த்தால் இளைஞர்களும் கேட்பார்கள்.

மஞ்சூர்க்காரன் (குந்தா)

ஆசை புரிகிறது. ஆனால் ஏற்றுவது வேறு, காப்பது வேறு. யூடியூப்பில் ஏறியதும் ஒலி சுருக்கப்படும், மூலம் அங்கே இருக்காது. சுத்தம் செய்வதையும் நகலில் செய்யலாம், மூலத்தில் கை வைக்கவே கூடாது. கேசட்டின் இரைச்சலோடு, தூரத்து நாய் குரைப்போடு அது எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு படி இருக்கட்டும்.

அதைவிட முக்கியமாக ஒன்று. அந்தத் தகடுகளில் சாவு வீட்டில் பதிந்தது எதுவும் உண்டா? இறந்தவரின் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் வேண்டுதல் எல்லாம் எங்கள் ஹட்டியில் பொழுதுபோக்குக்குக் கேட்பதில்லை. கோத்தர்களின் கொல் இசையிலும் சாவுக்கு வாசிப்பது தனி, பண்டிகைக்கு வாசிப்பது தனி. அவர்களைக் கேட்காமல் பொதுவில் போடுவது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஹட்டிமகள் (கோத்தகிரி)

இரண்டு தகடுகள் அப்படி இருக்கின்றன. அப்பாவே உறையில் "வீட்டுக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறார். அவை வெளியே போகாது. கொல் வாசித்தவர்களின் பிள்ளைகளிடம் நேரில் போய், ஒரு படி கொடுத்துவிட்டுக் கேட்கப்போகிறேன்.

கோடைமழை (கொடைக்கானல்)

அக்கா, இப்போதே இன்னொரு வேலையையும் தொடங்குங்கள். இது கணினி வேலை இல்லை. ஒவ்வொரு பாட்டையும் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டி, யார் பாடுவது, எந்த ஹட்டி, என்ன விசேஷம் என்று எழுதி வாங்குங்கள். நாங்கள் ஒலியை மீட்டுவிட்டு இதைத் தள்ளிப்போட்டோம். பாடுபவர்களின் குரலை அடையாளம் சொல்லக்கூடிய ஒரே அம்மா அந்தக் குளிர்காலத்தில் காலமாகிவிட்டார். எங்களிடம் இன்று ஒன்பது பாட்டுகள் பெயரில்லாமல் கிடக்கின்றன.

எங்கள் ஊர் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களின் கண்ணாடித் தகடுகளைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். நூறு வருடத்துப் படங்களை இன்று ஆராய்ச்சிக்கு எடுக்க முடிகிறது என்றால், எந்தத் தகடு எந்த நாள், எந்த நேரம் என்று அன்றே குறித்து வைத்ததால்தான். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் கண்ணாடி. பாட்டும் அப்படித்தான்.

நாடாக்காரர் (குன்னூர்)

கொடைக்கானல் தம்பி சொன்னதை அப்படியே செய்யுங்கள். சேமிப்புக்கு ஃப்ளாக் வடிவம் எடுங்கள். ஒரு பைட் கூட இழக்காமல் சுருக்கும். 80 நிமிடத் தகடு விரித்தால் 850 எம்பி அளவு வரும், ஃப்ளாக்கில் அதில் பாதிக்குச் சற்று மேலே. உங்கள் மொத்தச் சொத்தும் 20 ஜிபிக்குள் அடங்கிவிடும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு படி, மூன்றாவது படி மலைக்கு வெளியே யாரிடமாவது. பென் டிரைவை நம்பி வருடக்கணக்கில் அலமாரியில் போடாதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும், கோப்பு துளி மாறினாலும் தானும் மாறிவிடும் சரிபார்ப்பு எண் (செக்சம்) எடுத்து ஒரு உரைக் கோப்பில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டால் எந்தப் படி கெட்டது என்று உடனே தெரியும்.

விருப்பம் இருந்தால், அனுமதி கிடைத்த பாட்டுகளின் ஒரு படியை ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பது பற்றியும் யோசியுங்கள். 1982-இல் தொடங்கி, இப்போது குர்கானில் இயங்கும் இனவியல் இசைக் காப்பகம் இந்த மாதிரிக் களப் பதிவுகளைத்தான் பாதுகாக்கிறது.

பழைய தகடுகளைத் தூக்கி எறியாதீர்கள். உங்கள் அப்பா கேசட்டுகளைக் கொட்டியது அந்தக் காலத்து நம்பிக்கை, அவரைக் குறை சொல்லவில்லை. நாளைக்கு இன்னும் நல்ல டிரைவ் கிடைக்கலாம். கெட்டி டப்பாவில் நிறுத்தி வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருட்டில் வையுங்கள்.

ஹட்டிமகள் (கோத்தகிரி)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். முடிக்காத இரண்டு தகடுகளும் ஐசோபஸ்டரில் திறந்தன. ஒன்றில் கல்யாணப் பாட்டுகள் 14, மற்றதில் கொல் வாசிப்பு. எம்பி3 தகடுகளில் ஐந்து முழுதாக வந்தன. ஆறாவதில் மூன்று கோப்புகள் மட்டும் பாக்கி. மஞ்சூர்த் தம்பி தன் டிரைவைப் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தார், அதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பாட்டியின் தகட்டில் முதல் டிரைவ் ஒன்பது இடங்களில் சந்தேகம் காட்டியது. இரண்டாவது டிரைவில் நான்காகக் குறைந்தது. தம்பியின் டிரைவில் 8 மடங்கு வேகத்தில் ஒரே ஒரு இடம்தான் மிஞ்சியது. டிரைவுக்கு டிரைவ் ஒலி தொடங்கும் புள்ளி கொஞ்சம் நகர்கிறது. அதைச் சரிசெய்து, இதில் நல்ல பகுதியையும் அதில் நல்ல பகுதியையும் தம்பிதான் பொருத்திக் கொடுத்தார். கடைசி அடியில் 11 வினாடிகள் மட்டும் எந்த டிரைவிலும் வரவில்லை.

அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். 78 வயது. அந்த 11 வினாடி வந்ததும் நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவரே அந்த அடியைப் பாடிவிட்டார். மறுபடி பாடச் சொல்லி ஃபோனில் பதிந்தேன். ஒட்டவைக்கலாமா என்று வீட்டில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பாட்டியின் கோப்பில் இடைவெளி இடைவெளியாகவே இருக்கிறது. அத்தை பாடியது பக்கத்தில் தனிக் கோப்பாக, அவர் பெயரோடும் பதிந்த தேதியோடும் இருக்கிறது.

பெயர் எழுதும் வேலையில் 61 பாட்டுகள் முடிந்தன. தாள் உரிந்து நிற்கும் 31-ஆம் தகட்டை இன்னும் எந்த டிரைவிலும் போடவில்லை. அடுத்த சனிக்கிழமை குன்னூருக்கு எடுத்து வருகிறேன், ஐயா. நீங்கள் பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.